விசைப்பலகை என்ற ஒரே சொல்

பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், தண்ணீர்மலைப் பக்கம் பந்தல் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த நாளில், கைப்பேசியில் கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துகூட விழ மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாக்குறியா?"

போனேன். மடிக்கணினி கடவுச்சொல் கேட்கும் திரையில் நின்றது. சுட்டி நகர்ந்தது. விசை எதைத் தட்டினாலும் பெட்டிக்குள் ஒரு புள்ளிகூட விழவில்லை. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன், அதன் சின்ன விளக்கும் எரியவில்லை. "காலையில என்ன செஞ்சீங்க டீச்சர்?" என்று கேட்டதும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் தமிழ்99 பழகியவர். கணினியில் தமிழுக்கு இரண்டு அமைப்புகள் சேர்ந்திருந்ததால் தட்டும்போது சில நாள் எழுத்து மாறி மாறி விழுந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் தொலைபேசியில், "வேண்டாத கீபோர்ட எடுத்துடுங்கம்மா" என்றிருக்கிறார். ஆசிரியை தேடல் பெட்டியில் கீபோர்ட் என்று தேடி, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தார். முதலில், மகன் விட்டுப்போன, விளையாட்டுக் கீபோர்டுக்கான மென்பொருள். பிறகு விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் "கீபோர்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒரே வரி. அதை நீக்கியதும் விசைகள் நின்றுவிட்டன. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இப்போது உள்ளேயே போக முடியவில்லை.

கடை ஒன்றில் கேட்டிருக்கிறார். "ஃபார்மட் அடிக்கணும், 80 வெள்ளி, உள்ளே இருக்கிற ஃபைலுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொன்னார்களாம். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. வாடகை கொடுத்துக் கடை நடத்துபவருக்கு ஒவ்வொரு கணினியோடும் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. ஆனால் அந்த மடிக்கணினிக்குள் இருபது ஆண்டுக்கு மேலான எழுத்து இருந்தது.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக் கணினியில் கீபோர்ட் டிரைவரைத் தெரியாமல் எடுத்துவிட்டால் உண்மையில் எது போகிறது, எது போகவில்லை, எந்த வைத்தியம் எந்த நோய்க்கு? நண்பர்கள் சொல்வது, கடைகள் சொல்வது, நிறுவனங்களின் உதவிக் குறிப்புகள் சொல்வது எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அடுக்குக்கு மட்டும் சரியாக இருக்கிறது. எந்த அடுக்கு என்று முதலில் கேட்பவர்தான் குறைவு.

குழப்பத்தின் வேர் சொல்லில் இருக்கிறது. கையால் தட்டும் பொருளுக்கும் விசைப்பலகை என்கிறோம். அதைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் டிரைவர் இருக்கும் பட்டியலுக்கும் அதுதான் பெயர். தமிழ்99, அஞ்சல், இன்ஸ்கிரிப்ட் என்ற எழுத்து அமைப்புகளும் விசைப்பலகைதான். கைப்பேசியில் போடும் செயலியும் விசைப்பலகைதான். ஆங்கிலத்திலும் இதே கதி. விண்டோஸின் மொழி அமைப்புப் பக்கத்தில் கீபோர்ட் என்றால் எழுத்து அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட் என்றால் வன்பொருள். மகன் சொன்னது முதலாவதை. அம்மா எடுத்தது இரண்டாவதை. இருவர் மேலும் தவறில்லை.

எழுத்து வரும் வழி

தமிழ்99இல் "அ" ஆங்கில ஏ விசையில் இருக்கிறது. அந்த விசையைத் தட்டினால் கீபோர்டிலிருந்து புறப்படுவது "அ"வும் இல்லை, ஏயும் இல்லை. வெறும் எண். ஐபிஎம் வழிவந்த பழைய முறையில் அந்த எண் 30. விரலை எடுத்ததும் 128 கூட்டி 158 என்று இன்னோர் எண் போகும். யூஎஸ்பி கீபோர்டாக இருந்தால் அதே விசைக்கு எண் 4. பிறகு டிரைவர் அதைப் பழைய 30க்கு மாற்றிக் கொடுக்கும். எண் எந்த வழியாக வந்தாலும் மேலே இருப்பவர்களுக்கு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் டிரைவர் என்று ஒன்றை வைத்தார்கள்.

1984இல் ஐபிஎம் வெளியிட்ட ஏடி கணினியில் கீபோர்டிலிருந்து வரும் எண்களை வாங்க இன்டெலின் 8042 என்ற சிறு சில்லு இருந்தது. நாற்பது ஆண்டு கழிந்தும், விண்டோஸில் மடிக்கணினியின் உள் கீபோர்டைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் கோப்பின் பெயரில் அந்த 8042 அப்படியே இருக்கிறது. தனிச் சில்லு எப்போதோ போய்விட்டது, அதன் வேலையை மடிக்கணினிப் பலகையில் உள்ள வேறொரு கட்டுப்பாட்டுச் சில்லு செய்கிறது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. பினாங்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்குள் ஏதோ செய்கிறது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் ஆலை போட்டது பாயான் லெப்பாசில், 1972இல். எங்கள் அம்மாக்களும் அத்தைகளும் மூன்று ஷிப்டு முறையில் உருப்பெருக்கியில் கண் வைத்துச் சில்லுகளைக் கோத்த தீவு இது. கணினியின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஊர் இல்லை நம் ஊர்.

எண்ணை வாங்கும் டிரைவருக்கு மேலே இன்னொன்று உட்கார்ந்திருக்கும். உள் கீபோர்டோ, யூஎஸ்பியோ, புளூடூத்தோ, எல்லாவற்றையும் ஒரே வாசல் வழியாக அனுப்பும் பொது டிரைவர் அது. விண்டோஸில் அதன் பெயர் கேபிடிகிளாஸ். அதற்கும் மேலேதான் எழுத்து அமைப்பு வருகிறது. 30 என்றால் ஆங்கிலத்தில் ஏ, தமிழ்99இல் "அ" என்று முடிவு செய்வது அந்த இடத்தில்தான். முரசு அஞ்சல், இ-கலப்பை போன்றவை அதற்கும் மேலே உட்கார்ந்து வேலை செய்பவை. ஆகவே தமிழ் மென்பொருளை நீக்குவதால் கீபோர்ட் சாகாது. டிரைவர் போனால் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே நிற்கும். எதுவுமே விழவில்லை என்றால் கோளாறு கீழே. ஆங்கிலம் விழுந்து தமிழ் மட்டும் விழவில்லை என்றால் மேலே. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

கீபோர்டே கெட்டிருக்கலாம் அல்லவா? கண்டிப்பாக. இங்கே ஈரப்பதம் அதிகம், கோப்பி கொட்டும், எறும்பு புகும். அதைப் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. கணினியைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன், எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டிப் பயோஸ் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விசைகள் வேலை செய்தால் கீபோர்ட் நலமாக இருக்கிறது, விண்டோஸின் டிரைவரில்தான் கோளாறு. பயோஸ் தன் சொந்த ஏற்பாட்டில் கீபோர்டைப் படிக்கிறது, விண்டோஸில் நாம் எதை நீக்கினாலும் அதற்குத் தெரியாது. கேப்ஸ் லாக் விளக்கும் ஒரு சாட்சி. பெரும்பாலான கணினிகளில் அந்த விளக்கைக் கீபோர்ட் தானாக ஏற்றுவதில்லை. விசை வந்து சேர்ந்தபின் கணினி "விளக்கை ஏற்று" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். விளக்கு ஏறினால் போக்கும் வரவும் இரண்டும் சரி. ஆசிரியையின் கணினியில் பயோஸ் பக்கத்தில் அம்புக்குறி அழகாக நகர்ந்தது. "அப்ப கீபோர்ட் வாங்க வேணாம்ல?" என்று முதல் நிம்மதி அவர் குரலில் வந்தது.

நீக்கினால் போவது எது

டிவைஸ் மேனேஜரில் "அன்இன்ஸ்டால்" என்று அழுத்தும்போது டிரைவர் அழிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அழியவில்லை. இன்ன கீபோர்ட் இன்ன இடத்தில் இருக்கிறது என்று ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் இருந்த ஒரு குறிப்பு மட்டும் போகிறது. விண்டோஸோடு வந்த டிரைவர் கோப்புகள் கணினிக்குள் தனிக் கிடங்கில் பத்திரமாக இருக்கும். 1995இல் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து பொருளைத் தானே கண்டுபிடித்துத் தானே டிரைவர் போடும் வழக்கம் உண்டு. அடுத்த முறை கணினி முழுதாக எழும்போது கீபோர்டைப் புதிதாகக் கண்டது போலப் பார்த்து, கிடங்கிலிருந்து டிரைவரை எடுத்துப் போட்டுவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீக்கும்போது சில கருவிகளுக்கு "டிரைவர் மென்பொருளையும் அழி" என்று ஒரு கட்டம் வரும். கீபோர்ட் நிறுவனம் தனியாகக் கொடுத்த டிரைவராக இருந்தால், அந்தக் கட்டத்தில் குறியிட்டால் அது கிடங்கிலிருந்தும் போய்விடும். அப்போதும் பெரும்பாலும் விண்டோஸின் பொது டிரைவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், எழுத்துகள் விழும், ஒலி கூட்டும் பொத்தான், வண்ண விளக்கு மாதிரியான சிறப்பு விசைகள் மட்டும் வேலை செய்யாமல் போகலாம்.

முழுதாக எழும்போது என்றேன். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், ஆசிரியையும் தவறினார். "அணை" என்பதும் "மறுதொடக்கம்" என்பதும் இன்றைய விண்டோஸில் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இயங்கும் கணினியில், அணைக்கும்போது கெர்னல் என்னும் உள்மையத்தை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து விரித்துப்போடும். நேற்று இருந்த நிலைமை இன்றும் தொடரும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து. உள்ளே போக முடியாவிட்டாலும் கவலையில்லை. கடவுச்சொல் திரையின் வலது கீழ் மூலையில் மின்குறி இருக்கிறது, சுட்டியால் அதைத் தொட்டால் ரீஸ்டார்ட் வரும். டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி கீபோர்டாக இருந்தால் இன்னும் எளிது. கழற்றி வேறொரு துளையில் செருகினால் போதும். டிவைஸ் மேனேஜர் இன்னும் திறந்திருந்தால் "ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்" என்ற பொத்தானைச் சுட்டியால் அழுத்திப் பார்க்கலாம்.

நான் பார்த்தவரை, டிரைவரை நீக்கிவிட்டேன் என்று பதறி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த ஒரு ரீஸ்டார்ட்டே போதுமானதாக இருந்திருக்கிறது. ஆசிரியைக்குப் போதவில்லை.

பெயர் மட்டும் நின்ற மென்பொருள்

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் விசைகள் மௌனம். என்னிடம் இருந்த யூஎஸ்பி கீபோர்டைச் செருகினேன். அதுவும் மௌனம். இதுதான் முக்கியமான தடயம். ஒரு கீபோர்டின் குறிப்பு மட்டும் போயிருந்தால் வேறு கீபோர்ட் வேலை செய்ய வேண்டும். எல்லாக் கீபோர்டும் சேர்ந்து நின்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் ஏதோ தடுக்கிறது.

கடவுச்சொல் திரையிலேயே மனித உருவக் குறி ஒன்று இருக்கும், எளிதணுகல் குறி. அதைத் தொட்டு திரை விசைப்பலகையைக் கொண்டு வந்தேன். திரையில் வரையப்பட்ட விசைகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாக அழுத்தினால் எழுத்து விழும். கீழே சொன்ன டிரைவர் வழியாக வராமல் நேராக மேல் அடுக்கில் போய்ச் சேர்வதால் டிரைவர் செத்தாலும் இது வேலை செய்கிறது. ஆசிரியை தம் கடவுச்சொல்லைச் சொல்லாமல் சுட்டியைத் தாமே வாங்கி, பதினோரு எழுத்தையும் பொறுமையாகத் தொட்டு உள்ளே போனார். கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காத அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட் திரும்பி வந்திருந்தது, மஞ்சள் முக்கோணத்தோடு. உள்ளே பார்த்தால் குறியெண் 39. டிரைவர் சிதைந்திருக்கிறது அல்லது காணவில்லை என்று பொருள். காணாமல் போனது விண்டோஸின் டிரைவர் இல்லை. அன்று காலை முதலில் நீக்கிய விளையாட்டு மென்பொருளின் டிரைவர். அந்த மாதிரி மென்பொருள்கள் கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு வடிகட்டி வைக்கும். வரும் எண்ணைப் பிடித்து மாற்றி அனுப்புவது அதன் வேலை. பதிவேட்டில் கீபோர்ட் வகுப்புக்கென ஓர் இடம் உண்டு. அங்கே "அப்பர்ஃபில்டர்ஸ்" என்ற பட்டியலில் வடிகட்டிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். சரியான கணினியில் வழக்கமாக இருப்பது ஒரே பெயர், கேபிடிகிளாஸ். இங்கே இரண்டு இருந்தன. மென்பொருள் போனபோது கோப்பு போய்விட்டது, பெயரை அழிக்காமல் விட்டிருக்கிறது. பட்டியலில் உள்ள ஒரு பெயருக்கு ஆள் இல்லையென்றால் விண்டோஸ் எந்தக் கீபோர்டையும் எழுப்புவதில்லை. சேஃப் மோட் என்னும் பாதுகாப்பு முறையில் போனாலும் படிக்கப்படுவது இதே பட்டியல்தான், அதனால் அங்கேயும் பயனில்லை.

வைத்தியம், ஆளில்லாத பெயரை எடுத்துவிட்டுக் கேபிடிகிளாஸை விட்டுவைப்பது. இந்த இடத்தில் நிதானம் வேண்டும். "அப்பர்ஃபில்டர்ஸை அப்படியே அழி" என்ற பழைய அறிவுரை ஒன்று கணினி பார்ப்பவர்களிடையே நெடுங்காலமாகச் சுற்றுகிறது. அது சீடி டிரைவ் காணாமல் போவதற்கான வைத்தியம், அதற்கு அது சரி. சீடி வகுப்பின் அடையாளம் 4டி36இ965 என்று தொடங்கும். கீபோர்டின் அடையாளம் 4டி36இ96பி. கடைசி எழுத்து மட்டும் வேறு. சீடிக்கான வைத்தியத்தைக் கீபோர்டுக்குச் செய்தால் கேபிடிகிளாஸும் சேர்ந்து போய், இருந்த கொஞ்ச நஞ்சமும் நிற்கும். பதிவேட்டில் கை வைக்கும் முன் அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் வைத்துக்கொண்டோம். பெயரை எடுத்து, ரீஸ்டார்ட் கொடுத்தோம்.

இதே வடிகட்டி பெரிய நிறுவனங்களின் கையிலும் சறுக்கியிருக்கிறது. 2018 அக்டோபரில் எச்பி கணினிகளுக்கான கீபோர்ட் வடிகட்டி டிரைவர், 11.0.3.1 என்ற பதிப்பு, விண்டோஸ் அப்டேட் வழியாகப் போனபோது விண்டோஸ் 10 கணினிகள் பல நீலத் திரையில் விழுந்தன. டிரைவர்கள் இயங்குவது கணினியின் ஆக உள்ளான இடத்தில். அங்கே சின்னக் கல் தடுக்கினாலும் முழு உடம்பும் விழும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக்கின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான கோப்பு உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதும் அந்த உள்ளிடத்தில்தான். நம் நாட்டு விமான நிலையங்களில் ஏர்ஏசியா பயணிகளைக் கையால் எழுதி ஏற்றினார்கள். பொறியாளர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் ஏறி, ஒரு கோப்பை நீக்கினார்கள். அப்படி ஒரு நாளில்கூட யாரும் எல்லாக் கணினிகளையும் ஃபார்மட் அடிக்கவில்லை.

மற்ற வாசல்கள்

திரை விசைப்பலகையும் கைகொடுக்காத நிலை வரலாம். தொடுபலகையின் டிரைவரும் சேர்ந்து போயிருந்தால் சுட்டியே நகராது. ஒரு யூஎஸ்பி மவுஸ் வாங்கிச் செருகினால் அந்தக் கதவு திறந்துவிடும். உள்ளே போன பிறகு தூரத்துப் பிள்ளைகளும் உதவலாம். விண்டோஸின் குவிக் அசிஸ்ட் வழியாகச் சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அவர்கள் தட்டும் எழுத்து இங்குள்ள கீபோர்ட் டிரைவரைத் தொடாமல் விழும். தெரிந்த குரலுக்கு மட்டும் அந்த வாசலைத் திறக்க வேண்டும். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம் என்று தாமாக அழைப்பவர்களுக்குத் திறக்கவே கூடாது.

அடுத்த வாசல் மீட்புச் சூழல். கடவுச்சொல் திரையில் ரீஸ்டார்ட்டைச் சுட்டியால் அழுத்தும்போது ஷிஃப்ட் விசையைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். கீபோர்ட் செத்த நேரத்தில் அது பயனில்லாத அறிவுரை. திரை விசைப்பலகையில் ஷிஃப்டை அழுத்தி வைத்துப் பார்க்கலாம், அல்லது உள்ளே போய் அமைப்புகள் பக்கத்தின் மீட்புப் பகுதியிலிருந்து போகலாம். மீட்புச் சூழல் தனக்கென ஒரு சிறு விண்டோஸை வைத்திருக்கிறது, தனிப் பதிவேட்டோடு. நம் கணினியில் என்ன நீக்கியிருந்தாலும் அங்கே கீபோர்ட் வேலை செய்யும். சிஸ்டம் ரீஸ்டோர் முன்பே இயக்கப்பட்டிருந்தால் நேற்றைய நிலைக்கு அங்கிருந்து திரும்பலாம். நிறைய வீட்டுக் கணினிகளில் அது அணைந்தே இருக்கிறது. இதைப் படிக்கும் இன்றே போய் இயக்கி வையுங்கள்.

அந்த வாசலும் ஒரு முறை அடைபட்டது. 2025 அக்டோபர் 14இல் வந்த விண்டோஸ் 11 அப்டேட், மீட்புச் சூழலுக்குள் யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்கச் செய்தது. விண்டோஸுக்குள் எல்லாம் சரியாக இருக்கும், மீட்புக்குப் போனால் கை கட்டப்படும். விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் அதே நாள்தான். மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20இல், இங்கே நாம் தீபாவளி கொண்டாடிய நாளில், அவசரத் திருத்தம் வெளியிட்டது. பழைய வட்டத் துளைக் கீபோர்ட், 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த பிஎஸ்/2, அந்த ஆறு நாளும் மீட்புச் சூழலில் இயங்கியது. அப்படி ஒரு பழைய கீபோர்ட் உங்கள் வீட்டு மேசைக்கடியில் இருந்து, டெஸ்க்டாப்பில் அந்தத் துளையும் இருந்தால் எறியாதீர்கள்.

மீட்புக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியது பிட்லாக்கர் திறவெண். 48 இலக்கம். இப்போதைய விண்டோஸ் 11 கணினிகள் பல வாங்கும்போதே வட்டைப் பூட்டிக்கொள்கின்றன, நமக்குச் சொல்லாமலேயே. அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் என்று தெரியாவிட்டால் பயோஸிலோ மீட்பிலோ எதையாவது மாற்றியபின் கணினி அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கிறது. கணக்கு மகன் பெயரில் இருக்கும், மகன் வேறு ஊரில் இருப்பார். தாளில் எழுதி அலமாரியில் வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் இந்தச் சிக்கல் அரிது. லினக்ஸில் கீபோர்ட் பகுதி பெரும்பாலும் உள்மையத்தோடு சேர்ந்தே இருக்கும். மேக்கில் உள் கீபோர்டின் டிரைவரை நீக்கச் சாதாரணப் பயனருக்கு வழியே வைக்கவில்லை. "டிரைவர் அப்டேட்டர்" என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கீபோர்டுக்குத் தேவையான டிரைவர் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கும்போது வெளியே தேட என்ன இருக்கிறது?

பதினைந்து விநாடி

திரையின் அளவை மாற்றினால் விண்டோஸ் என்ன செய்கிறது என்று கவனித்திருப்பீர்கள். "இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா?" என்று கேட்டு 15 விநாடி எண்ணும். பதில் வராவிட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பும். திரை இருண்டுபோனால் மனிதரால் பதில் சொல்ல முடியாது என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. கீபோர்டும் அதே இனம்தான். அது போய்விட்டால் மனிதர் பதில் தட்ட முடியாது. ஆனால் அதற்கு 15 விநாடி இல்லை. கணினியில் இருக்கும் ஒரே கீபோர்டை நீக்கப் போகிறீர்கள் என்றுகூட எச்சரிக்கை இல்லை. சாதனத்தை நீக்கவா என்று கேட்கும் பொதுவான பெட்டி மட்டும்தான். விண்டோஸ் 7 வரை எஃப்8 அழுத்தினால் "கடைசியாகச் சரியாக இயங்கிய நிலை" என்ற வரி இருந்தது. டிரைவர் தவறுகளுக்கு அது நல்ல மருந்து. விண்டோஸ் 8இல் அந்த வரி போனது. பதிவேட்டின் நகலைக் கணினி தானே எடுத்து வைக்கும் வழக்கத்தையும் 2018இன் விண்டோஸ் 10 பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். கோப்புறை இருக்கிறது, உள்ளே நகல் இல்லை. பழைய அறிவுரைகள் இன்னும் அதைத் தேடச் சொல்கின்றன.

ஒரே கீபோர்டை நீக்கும்போது 15 விநாடி காத்திருந்து, விசை எதுவும் வரவில்லை என்றால் தானே திருப்பிப் போடுவது கடினமான வேலை இல்லை. அது இல்லாததால் ஓர் ஆசிரியை தம் கணினிக்கு வெளியே நின்றார். தவறு செய்தவர் என்று அவரை நாம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஃபார்மட் கொண்டுபோவது

ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவருக்கு ஃபார்மட் என்றால் கோப்புகள் போகும். நகல் இருந்தால் பிழைத்துக்கொள்வார். மூத்த தலைமுறைத் தமிழருக்கு நகல் மட்டும் போதாது. 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும், வீட்டுக் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்கு முன் எழுதியவர்கள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறையில் எழுதினார்கள். முத்து நெடுமாறன் 1985இல் முரசை உருவாக்கியதிலிருந்து மலேசியாவில் அஞ்சல் வழி எழுதியவர்கள் ஒரு பக்கம். டிஸ்கியில் எழுதியவர்கள் ஒரு பக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு வந்த தாம், தாப் முறைகள் இன்னொரு பக்கம். தமிழ்99 விசை அமைப்பும் அந்த மாநாட்டின் பிள்ளைதான். ஈழத்தவர் பாமினியில் எழுதினார்கள். இந்தக் கோப்புகளைத் திறக்க அந்தந்த எழுத்துரு கணினியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தமிழ் இருந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடக்கும்.

ஃபார்மட் செய்யும்போது கடைக்காரர் நல்ல மனதோடு "மை டாக்குமெண்ட்ஸ்" கோப்புறையை நகலெடுத்து வைப்பார். எழுத்துருக் கோப்புறை அவர் நினைவுக்கு வராது. தமிழ் தெரியாதவருக்கு எப்படி வரும்? வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால் எல்லாம் இருக்கும், படிக்க மட்டும் முடியாது. "வைரஸ் புகுந்துடுச்சு" என்று கோப்புகளை அழித்தே விட்டவர்களை எனக்குத் தெரியும். எந்தக் குறியீடு என்று கண்டுபிடித்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகளால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். மூல எழுத்துரு கையில் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே ஒரு கீபோர்ட் டிரைவருக்காக ஃபார்மட் அடிப்பதை நான் வைத்தியம் என்று ஏற்பதில்லை. வட்டே சாகும் நிலையில், வேறு வழி இல்லாதபோது செய்ய வேண்டியது அது. கீபோர்ட் நிற்பது அப்படிப்பட்ட நோய் இல்லை.

ஆசிரியையின் மடிக்கணினி இரண்டாவது ரீஸ்டார்ட்டில் எழுந்தது. கேப்ஸ் லாக்கைத் தட்டினேன், விளக்கு ஏறியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தமிழ்99இல் "அம்மா" என்று தட்டிப் பார்த்தார். நான்கே விசை. "அ", "ம", "ம", "ஆ". நடுவில் வரும் புள்ளியைத் தமிழ்99 தானே வைத்துக்கொள்ளும். பிறகு மொழி அமைப்புப் பக்கத்துக்குப் போய், காலையில் எடுத்திருக்க வேண்டிய அந்த இரண்டாவது அமைப்பை, இன்ஸ்கிரிப்டை, எடுத்தோம்.

"தம்பி, இத ஒரு தடவ பாரு" என்று ஒரு கோப்பைத் திறந்தார். 1990களின் கடைசியில் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு அவர் எழுதிய வரவேற்புரை. பழைய எழுத்துருவில், ஒரு கால்கூட இடம் மாறாமல் நின்றது. பென்டிரைவ் கேட்டேன், பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். எழுத்துருக் கோப்புறைக்குள் போய் அந்த எழுத்துருவைத் தேடினோம். ஒரு கைப்பேசிப் படத்தின் அளவுகூட இல்லாத சின்னக் கோப்பு. முதலில் அதைப் போட்டோம், பிறகு மற்றதையெல்லாம்.